ஆண்டவரில் நண்பர்: யேசு சபையின் தோற்றத்தில் ஆன்மிக ஒருமனப்பாடும் நட்பும்

முன்னுரை

கிறிஸ்தவ சமய வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் இரு வழிகளிலே அதனை நோக்குவர். புனிதர் எனப் போற்றப்பெறும் தனியாளரின் வாழ்க்கை வழியாக நோக்குதல் ஒன்று. திருச்சபை, துறவுச்சபை, அரசு ஆகிய நிறுவனங்களின் வழியாக நோக்குதல் மற்றொன்று. இவ்விரண்டுக்கும் இடையே நிற்பதாகிய நட்பு, அதாவது சிலர் ஒரு குறிக்கோள் பற்றி ஒன்றுகூடி ஒருமனப்பட்டு வாழ முற்படும் உறவு, வரலாற்றாசிரியர் கவனத்தை அத்துணை ஈர்க்கவில்லை. நிறுவனம் தோன்றிய பின்னர் அதனை ஆக்கிய நட்பு மறக்கப்படுவது இயல்பே. ஆயின், அந்நட்பினை விளங்கிக்கொள்ளாது நிறுவனத்தை விளங்கிக்கொள்ளல் அரிது என்பதே நமது கருத்தாகும்.

இக்கட்டுரையில் 1529 முதல் 1556 வரையுள்ள காலப்பகுதியில், பாரிஸ் பல்கலைக்கழகத்து மாணவர் சிலரிடையே தோன்றிய நட்பு யேசு சபையாக உருப்பெற்ற வரலாற்றை ஆராய முற்படுகின்றோம். இம்மாணவருள் ஒருவரே பிரான்சிஸ் சவேரியார். முத்துக்குளித்துறையிலும் மன்னாரிலும் கத்தோலிக்க சமயம் பரவிய வரலாற்றில் அவர் பெறும் இடம் யாவரும் அறிந்ததே. ஆதலின் பாரிஸ் நகரத்து மாணவர் அறையொன்றிலே தொடங்கிய இவ்வரலாறு தமிழ்மக்கள் வரலாற்றுக்கும் முற்றிலும் புறம்பானதன்று.

இரு வினாக்கள் ஈண்டு எழுகின்றன. நட்பு எவ்வாறு ஒருமனப்பாடாக வளர்கின்றது என்பது முதலாவது. ஒருமனப்பாடு ஏற்பட்டவிடத்துக் கருத்து வேறுபாடு என்னாகின்றது என்பது இரண்டாவது. முதல் வினாவுக்குச் சமய நூல்கள் விரிவாக விடை கூறும். இரண்டாவது வினாவுக்கோ வரலாறே விடை கூறவேண்டும்.

நட்புப் பற்றிய கிறிஸ்தவ மரபு

இருவர் மண்ணுலகில் மனமொத்து வேண்டுவது அருளப்படும் என்ற கருத்து மத்தேயு நற்செய்தியின் 18ஆம் அதிகாரத்தில் இடம்பெறுகின்றது. மனமொத்தல் என்னும் பொருளில் அங்கு ஆளப்பட்டுள்ள கிரேக்கச் சொல், குரல்கள் இசைந்தொலித்தல் என்னும் அடிப்பொருள் உடையது. இசைவு என்னும் நம் சொல்லும் இத்தகையதே. இசை என்பது ஒரே சுரத்தை எல்லோரும் ஒலிப்பதன்று. வெவ்வேறு சுரங்கள் தம்முள் பொருந்துவதாம். இவ்வேறுபாடு பின்வரும் ஆராய்ச்சிக்கு இன்றியமையாதது.

முதற் கிறிஸ்தவச் சமூகம் ஓர் இதயமும் ஓர் உயிருமாக வாழ்ந்தது எனத் திருத்தூதர் பணிகள் நூல் கூறும். அக்கூற்றினையே அடிப்படையாகக் கொண்டு புனித அகுஸ்தீனார் (354–430) தம் துறவியர்க்குரிய ஒழுங்கினை வகுத்தார். காசியன் என்பார் தமது உரையாடல்கள் என்னும் நூலில் பதினாறாவது உரையாடலை நட்புக்கே ஒதுக்கினார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் யோர்க்ஷயர்ப் பகுதியிலுள்ள ரீவோ மடத்தின் தலைவராக விளங்கிய ஏல்ரெட் (1110–1167), உரோம அறிஞர் சிசரோ நட்புப் பற்றி எழுதிய நூலை முன்மாதிரியாகக் கொண்டு, ஆன்மிக நட்புப் பற்றித் தனிநூல் ஒன்று யாத்தார். நண்பர் இருவர் கூடுமிடத்துக் கிறிஸ்து மூன்றாமவராக உடனிருப்பார் என்பது அவரது அடிப்படைக் கருத்தாகும்.

எனினும் துறவு மடங்களில் நட்புப் பற்றிய ஐயமும் உடன்வளர்ந்தது. இருவர் தனித்துப் பழகுதல் சமூகத்தைப் பிளவுபடுத்தும், அன்பினைக் குறுக்கும் என்ற அச்சம் மடத்து ஒழுங்குகளிற் பரவலாகக் காணப்பட்டது. ஆகவே பதினாறாம் நூற்றாண்டில் ஒரு துறவுச்சபை நட்பினையே தோற்றுவாயாகக் கொண்டு எழுந்தமை குறிப்பிடத்தக்கதாகும்.

நிலைபெறாத முதற் கூட்டம்

லொயோலா இஞ்ஞாசியார் 1491ஆம் ஆண்டளவில் பாஸ்க் நாட்டுப் பிரபுக் குடும்பமொன்றிலே பிறந்தவர். 1521ஆம் ஆண்டு மே மாதம் 20ஆம் நாள் பம்பலோனாக் கோட்டையைக் காத்து நின்றபோது பீரங்கிக் குண்டினாற் கால் முறிந்து, நோய்ப்படுக்கையிலே மனமாற்றம் பெற்றார். அதன்பின் முதிர்ந்த வயதில் இலத்தீன் கற்கத் தொடங்கிப் பார்சலோனா, அல்கலா, சலமங்கா ஆகிய நகரங்களில் வாழ்ந்தார்.

அக்காலத்திலேயே அவரைச் சூழ ஒரு நட்புக் கூட்டம் உருவாகிவிட்டது என்பது பலர் கவனியாத செய்தியாகும். கலிஸ்தோ, அர்த்தியாகா, கசெரெஸ் என்போர் அவரைப் போன்றே எளிய உடை உடுத்து, அவருடன் சேர்ந்து மக்களுக்கு உபதேசித்தனர். சமய விசாரணை அதிகாரிகளின் ஐயத்துக்கும் ஆளாயினர். ஆனால், 1528ஆம் ஆண்டு இஞ்ஞாசியார் பாரிஸ் சென்றதும் அக்கூட்டம் சிதைந்தது. கலிஸ்தோ அமெரிக்க நாடுகளுக்குச் சென்று செல்வராய்த் திரும்பினார். கசெரெஸ் தம் சொந்த ஊர் சென்று முந்திய வாழ்வினை முற்றும் மறந்தவர்போல் வாழ்ந்தார். அர்த்தியாகா ஆயராக நியமனம் பெற்று மெக்சிக்கோ சென்று அங்கு மரணமடைந்தார். பாரிஸ் நகரிலும் 1529ஆம் ஆண்டு மாணவர் மூவர் இஞ்ஞாசியார் வழியைப் பின்பற்ற முற்பட்டுப் பெருங் குழப்பத்தை விளைவித்தனர், அம்முயற்சியும் நிலைபெறவில்லை.

இத்தோல்விகளின் காரணம் யாது? அவர்களுடைய ஆர்வத்தில் குறை இருந்ததெனக் கூறவியலாது. அவர்கள் ஒவ்வொருவரும் இஞ்ஞாசியாரோடு பிணைக்கப்பட்டிருந்தனர், ஒருவரோடொருவர் பிணைக்கப்படவில்லை. நடுவில் நின்றவர் அகன்றதும் சக்கரத்தின் ஆரங்கள் தனித்தனியே வீழ்ந்தன. தலைவர்பாற் கொண்ட பற்று வேறு, தம்முள் எய்திய ஒருமனப்பாடு வேறு என்ற உண்மையை இந்நிகழ்ச்சிகள் தெளிவுறுத்துகின்றன. இஞ்ஞாசியாரும் இதனை உணர்ந்திருத்தல் வேண்டும். ஏனெனில், பின்வந்த காலத்தில் அவர் நண்பர்களை விரைந்து சேர்க்கவில்லை, ஆண்டுக்கணக்கிற் பொறுத்திருந்தார்.

சாந்த்-பார்ப் கல்லூரி அறை

1529ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்தில் இஞ்ஞாசியார் பாரிஸ் பல்கலைக்கழகத்தின் சாந்த்-பார்ப் கல்லூரியிற் சேர்ந்தார். அங்கு ஆசிரியர் ஒருவரோடும் மாணவர் இருவரோடும் ஒரே அறையில் தங்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. அம்மாணவர்களே பேபரும் சவேரியாரும் ஆவர். இருவரும் 1506ஆம் ஆண்டிலே பிறந்தவர்கள். அவர்களுக்கு அப்போது வயது இருபத்துமூன்று, இஞ்ஞாசியாருக்கோ முப்பத்தெட்டு.

பேதுரு பேபர் சவோய் மலைநாட்டுக் குடியானவர் மகன். சிறுவயதில் ஆடு மேய்த்தவர். சவேரியார் நவார் நாட்டு உயர்குடியினர். அவர் குடும்பத்தின் கோட்டை 1516ஆம் ஆண்டு காஸ்தீலியர் ஆணையினால் இடிக்கப்பட்டது. இஞ்ஞாசியார் பம்பலோனாவிலே காயமடைந்த அப்போரில் சவேரியாரின் தமையன்மார் எதிரணியைச் சார்ந்திருந்தனர். ஆகவே அவ்வறையிலே கூடியவர்கள் குலத்தாலும் மொழியாலும் வேறுபட்டவர்கள் மட்டுமல்லர். இருவரைப் பொறுத்தவரை அரசியற் பகைமையும் இடையே நின்றது.

இந்நட்பு எவ்வாறு தொடங்கிற்று என்பதைப் பேபர் தமது ஆன்மிக நினைவுக் குறிப்பிலே எழுதிவைத்துள்ளார். அரிஸ்தோத்திலின் மெய்யியலைக் கற்பதற்கு இஞ்ஞாசியாருக்குப் பேபர் துணைபுரிந்தார். பேபரின் மனக்கலக்கத்துக்கு இஞ்ஞாசியார் மருந்தளித்தார். ஒருவர் மாணவராகவும் ஆசிரியராகவும் ஒரே நேரத்தில் விளங்கினார், மற்றவரும் அவ்வாறே. அறையும் உணவும் பணமும் பொதுவாயின. இங்ஙனம் கொடுத்தலும் பெறுதலும் இருபாலும் நிகழ்ந்தமையே முன்னைய கூட்டங்களிலிருந்து இதனை வேறுபடுத்துகின்றது. பேபரின் மனம் முதிரும்வரை ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் இஞ்ஞாசியார் காத்திருந்து, 1534ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே அவருக்கு ஆன்மிகப் பயிற்சிகளை முழுமையாக அளித்தார்.

சவேரியார் எளிதில் இணங்கினாரல்லர். கல்விப் புகழும் திருச்சபைப் பதவியும் நாடிய இளைஞர் அவர். இஞ்ஞாசியாரின் எளிய கோலம் அவருக்கு உவப்பாகவில்லை. அவர் கற்பிக்கத் தொடங்கியபோது அவருடைய வகுப்புக்கு மாணவரைச் சேர்த்துக்கொடுத்தவர் இஞ்ஞாசியார். வாதத்தினால் அன்றி உதவியினாலேயே அவர் மனம் நெகிழ்ந்தது எனல் பொருந்தும்.

மொன்மார்த் வாக்குறுதி

காலப்போக்கில் காஸ்தீலியரான லைனெஸ், சல்மெரோன், பொபடில்லா ஆகிய மூவரும், போர்த்துக்கேயரான சிமாவ் ரொட்ரீகஸ் என்பவரும் சேர்ந்தனர். லைனெஸ் கிறிஸ்தவராக மாறிய யூதர் வழிவந்தவர். ஸ்பானிய நாட்டுத் துறவுச்சபைகள் பல அத்தகையோரை ஏற்க மறுத்துவந்த காலத்தில் இந்நட்புக் கூட்டத்தில் அது தடையாகவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

1534ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 15ஆம் நாள் இவ்வெழுவரும் பாரிஸ் நகர்ப்புறத்து மொன்மார்த் குன்றின் சிற்றாலயத்திற் கூடினர். அவர்களுள் பேபர் ஒருவரே அப்போது குருவாக இருந்தார். திருப்பலியை அவர் ஒப்புக்கொடுத்தார். வறுமையும் கற்பும் காப்பதாகவும், யெருசலேம் செல்வதாகவும், ஓராண்டுக்குள் அது கைகூடாவிடிற் பாப்பரசரிடம் சென்று அவர் அனுப்புமிடம் செல்வதாகவும் ஒவ்வொருவரும் வாக்களித்தனர். சபையொன்று நிறுவும் எண்ணம் அன்று அவர்களுக்கு இருந்ததாகத் தெரியவில்லை. தலைவர் எவரும் தெரிவு செய்யப்படவில்லை. இஞ்ஞாசியாருக்கு அவர்கள் கீழ்ப்படிவதாக வாக்களிக்கவுமில்லை. எழுவரும் சம நிலையில் நின்று ஒரே வாக்குறுதியை எடுத்தனர்.

இவ்வாக்குறுதியின் பயன் விரைவிலேயே சோதிக்கப்பட்டது. 1535ஆம் ஆண்டு இஞ்ஞாசியார் உடல்நலங் குன்றித் தாய்நாடு சென்றார். அல்கலாக் கூட்டம் சிதைந்ததுபோல் இக்கூட்டமும் சிதைந்திருத்தல் கூடும். ஆனால் நிகழ்ந்ததோ வேறு. அவர் இல்லாதபோதும் நண்பர்கள் ஆண்டுதோறும் அதே நாளில் வாக்குறுதியைப் புதுப்பித்தனர். ஒருவர் அறையில் ஒருவர் உணவு கொண்டுவந்து கூடியுண்டனர். லெ ஜே, புரூவே, கொடூர் என்னும் மூவர் புதிதாக இணைந்தனர். 1536ஆம் ஆண்டு நவம்பர் மாதம் பாரிஸ் நகரைவிட்டு, பிரான்சுக்கும் ஸ்பானியப் பேரரசுக்குமிடையே போர் நிகழ்ந்தமையால் லொரேன், ஜேர்மனிய நாடுகள் வழியாகச் சுற்றிக் கால்நடையாகவே சென்று, 1537ஆம் ஆண்டு சனவரி மாதம் 8ஆம் நாள் வெனிஸ் நகரில் இஞ்ஞாசியாரைச் சந்தித்தனர். போரிடும் இரு நாட்டாரும் ஒன்றாகவே அப்பனிக்காலப் பாதையில் நடந்தனர். அவ்வாண்டு யூலை மாதம் எழுதிய கடிதமொன்றிலே இஞ்ஞாசியார் அவர்களைத் தம் சீடர் என்னாது, ஆண்டவரில் நண்பர் என்றே குறிப்பிடுகின்றார்.

வெனிசியருக்கும் துருக்கியருக்குமிடையே மூண்ட போரினால் யெருசலேம் செல்லக் கப்பல் கிடைக்கவில்லை. எனவே 1538ஆம் ஆண்டு நவம்பர் மாதம் பாப்பரசர் மூன்றாம் சின்னப்பரிடம் அவர்கள் தம்மை ஒப்படைத்தனர்.

1539: ஒருமனப்பாட்டினை எய்திய முறை

பாப்பரசர் அவர்களை வெவ்வேறிடங்களுக்கு அனுப்பத் தொடங்கியதும் இந்நட்பின் மிகப் பெரிய சிக்கல் எழுந்தது. பிரிந்து செல்பவர்கள் ஒரே உடலாக நிலைத்தல் கூடுமா? நிலைக்கவேண்டின் ஒருவருக்குக் கீழ்ப்படிதல் வேண்டுமா? இவ்வினாக்களை ஆராய்ந்து 1539ஆம் ஆண்டு மார்ச் மாதத்தின் நடுப்பகுதியிலிருந்து யூன் மாதம் 24ஆம் நாள்வரை அவர்கள் உரோமையிற் கூடினர். இக்கூட்டங்களின் தொடக்கப் பகுதிபற்றி எழுதப்பெற்ற பதிவு இன்றும் கிடைக்கின்றது. பேபரின் குறிப்பு, இஞ்ஞாசியார் முதுமையிற் சொல்லியெழுதுவித்த தன்வரலாறு, ரொட்ரீகஸ் 1577இல் எழுதிய வரலாறு ஆகியன யாவும் பின்னோக்கி எழுதப்பெற்றவை. அந்நாளிலேயே எழுதப்பெற்றது என்ற வகையில் இப்பதிவு தனிச்சிறப்புடையது.

அவ்வாண்டுக் குளிர்காலத்தில் உரோமையிற் கொடிய பஞ்சம் நிலவியது. தெருவில் விறைத்துக் கிடந்த நூற்றுக்கணக்கானோருக்கு நண்பர்கள் தம் வீட்டிலே உணவும் இடமும் அளித்திருந்தனர். பகலிற் பணி, இரவிற் கூட்டம் என்பது அவர்கள் கைக்கொண்ட ஒழுங்கு. குறிக்கோளில் தாம் ஒன்றுபட்டிருந்தும் வழிவகைகளில் வேறுபட்ட கருத்துடையோராயிருந்ததை அப்பதிவு மறைக்காது கூறுகின்றது. வெவ்வேறு நாட்டினராதலால் இது வியப்பன்று என்றும் அது கருதுகின்றது.

முதல் வினாவுக்கு விரைவிலேயே விடை கண்டனர். இறைவனே தொலைவிலுள்ள நாடுகளிலிருந்து தம்மை ஒன்றுசேர்த்தமையால் அவ்விணைப்பைத் தாம் அறுத்தல் தகாதென முடிவு செய்தனர். கீழ்ப்படிதல் பற்றிய இரண்டாவது வினாவிலோ பல நாட்கள் மன்றாடியும் ஒருமனப்படவில்லை. தனியிடம் சென்று தவமியற்றலாமா என்றுகூட எண்ணினர். பின்னர் நகரத்துப் பணியை விட்டகல்வது தகாதெனக் கண்டு மூன்று ஒழுங்குகளை வகுத்தனர். முதலாவது, ஆணையிடுவதைவிடக் கீழ்ப்படிவதையே விரும்பும் மனநிலையை வேண்டி ஒவ்வொருவரும் மன்றாடுதல். இரண்டாவது, இப்பொருள் பற்றி ஒருவரோடொருவர் உரையாடாதிருத்தல். மூன்றாவது, தாம் இக்கூட்டத்தைச் சேராத அயலார் என எண்ணிக்கொண்டு, தமக்கென எதையும் நாடாது ஆராய்தல்.

இவற்றுள் இரண்டாவது ஒழுங்கு நுணுகி நோக்கற்பாலது. நெருங்கிய நண்பர்கள், முடிவெடுக்கவேண்டிய பொருளைப் பற்றித் தம்முள் பேசலாகாதெனத் தாமே விலக்கிக்கொண்டனர். நட்பின் வலிமையினால் ஒருவர் மற்றவரை இழுத்துவிடக்கூடும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். அன்பினால் எழும் இணக்கம் வேறு, ஆராய்வினால் எழும் ஒருமனப்பாடு வேறு எனக் கண்டமையே இம்முறையின் உயிர்நிலை எனலாம்.

அதன்பின் ஒருநாள் கீழ்ப்படிதலுக்கு எதிரான காரணங்களை மட்டும் ஒவ்வொருவரும் கூறினர். மறுநாள் சார்பான காரணங்களை மட்டும் ஒவ்வொருவரும் கூறினர். எதிர்ப்பவர் ஒரு கட்சி, சார்பவர் ஒரு கட்சி எனப் பிரிவதற்கு இம்முறை இடமளிக்கவில்லை. இருபுறத்து நியாயத்தையும் ஒவ்வொருவரும் தம் வாயாலேயே சொல்லவேண்டியிருந்தது. இறுதியில் எவரும் மறுக்காது, தம்முள் ஒருவருக்குக் கீழ்ப்படிதல் வேண்டும் என முடிவு செய்தனர். ஏப்பிரில் மாதம் 15ஆம் நாள் அம்முடிவை ஏற்றுக் கையொப்பமிட்டனர்.

இவ்வொருமனப்பாட்டின் எல்லையும் அவ்வாண்டிலேயே வெளிப்பட்டது. சிறுவர்க்கு மறைக்கல்வி புகட்டுதலை வாக்குறுதியாக ஏற்கவேண்டும் என மற்றவர் கூறியபோது பொபடில்லா உடன்படவில்லை. ஒருவர் மறுப்பினால் யாவும் தடைப்படுதல் ஆகாதெனக் கண்டு, அதன்பின் பெரும்பான்மையினர் முடிவே போதுமெனத் தீர்மானித்தனர். முழு ஒருமனப்பாடு என்னும் முறை சில மாதங்களே நிலைத்தது. இதனைத் தோல்வி எனக் கொள்ளவேண்டியதில்லை. மறுத்தவர் வெளியேற்றப்படவில்லை, தாமாக வெளியேறவுமில்லை. இணங்காதவரும் நண்பராகவே இருக்கலாம் என்பதும் ஒரு முடிவேயாகும்.

1540ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதம் 27ஆம் நாள் பாப்பரசரின் எழுத்துமூல அங்கீகாரம் கிடைத்தது. 1541ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதம் தலைவர் தெரிவு நிகழ்ந்தபோது, வந்து சேர்ந்த வாக்குகளில் இஞ்ஞாசியாருடையது தவிர ஏனைய யாவும் இஞ்ஞாசியாருக்கே கிடைத்தன. அவர் மறுத்து, மறு தெரிவு வேண்டினார். முடிவு மாறவில்லை. பின்னரும் தம் ஒப்புரவுக் குருவின் அறிவுரை பெற்றே இசைந்தார்.

பிரிவும் கடிதமும்

இந்தியாவுக்குச் செல்லவேண்டியவர்களாக முதலிற் குறிக்கப்பெற்றோர் ரொட்ரீகசும் பொபடில்லாவுமே. பொபடில்லா நோயுற்றமையால் 1540ஆம் ஆண்டு மார்ச் மாதம் சவேரியார் அவருக்குப் பதிலாகப் புறப்பட்டார். தலைவர் தெரிவுக்குரிய தம் வாக்கினை முத்திரையிட்டு உரோமையில் விட்டுச் சென்றார். இஞ்ஞாசியாரையும் பேபரையும் அவர் மீண்டும் காணவேயில்லை.

1542ஆம் ஆண்டு மே மாதம் 6ஆம் நாள் கோவாவை அடைந்த சவேரியார் பத்தாண்டுகள் கீழைத்தேயங்களில் அலைந்தார். ஐரோப்பாவிலிருந்து கடிதமொன்று வந்துசேர ஓராண்டோ அதற்கு மேலோ செல்லும். 1546ஆம் ஆண்டு மே மாதம் அம்பொன் தீவிலிருந்து எழுதிய கடிதத்தில், நண்பர்கள் தம் கைப்பட எழுதிய பெயர்களைக் கடிதங்களிலிருந்து வெட்டியெடுத்து, தம் வாக்குறுதிப் பத்திரத்தோடு சேர்த்து எப்போதும் தம்மிடம் வைத்திருப்பதாக அவர் தெரிவிக்கின்றார். காணாதிருந்தும் உணர்ச்சியொருமையால் நட்புக் கொள்ளுதலைப் பிசிராந்தையார் வரலாற்றில் அறிந்த தமிழர்க்கு இச்செய்தி அந்நியமாகத் தோன்றாது.

அதே ஆண்டு ஆகஸ்ட் மாதம் 1ஆம் நாள் பேபர் உரோமையில் இறந்தார். 1552ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 3ஆம் நாள் சீனக் கரையருகேயுள்ள சான்சியன் தீவில் சவேரியார் இறந்தார். இஃதறியாத இஞ்ஞாசியார், 1553ஆம் ஆண்டு யூன் மாதம் அவரை ஐரோப்பாவுக்குத் திரும்புமாறு அழைத்துக் கடிதம் எழுதினார். ஆறு மாதங்களுக்கு முன்னரே இறந்தவருக்கு எழுதப்பெற்ற அக்கடிதம், அந்நட்பு எதிர்கொண்ட தொலைவின் அளவினை உணர்த்துகின்றது.

இவ்வனுபவமே சபையின் சட்டத் தொகுப்பிலும் இடம்பெற்றது. சிதறி வாழ்வோரிடையே உள்ளங்களின் ஒற்றுமையைக் காத்தல் எவ்வாறு என்பதற்கு அத்தொகுப்பின் எட்டாம் பகுதி ஒதுக்கப்பட்டுள்ளது. கீழ்ப்படிதலோடு அடிக்கடி கடிதம் எழுதுதலும் அதற்குரிய வழியாக வகுக்கப்பட்டது. இன்று நம் கடற்கரைகளின் பதினாறாம் நூற்றாண்டு வரலாற்றை ஆராய்வோர் யேசு சபையினரின் கடிதங்களைப் பெருஞ் சான்றாகக் கொள்கின்றனர். அச்சான்றுகள் நம்மை வந்தடைந்தமைக்கு ஆட்சித் தேவை மட்டுமன்றி, பிரிந்த நண்பர் ஒருவரையொருவர் இழக்க விரும்பாமையும் காரணமாகும்.

முத்துக்குளித்துறையில் இரு ஒருமனப்பாடுகள்

சவேரியார் 1542ஆம் ஆண்டின் இறுதிப்பகுதியில் முத்துக்குளித்துறைக்கு வந்தபோது அங்கு வேறுவகையான ஒருமனப்பாட்டினைக் கண்டார். பரதவ மக்கள் 1535 முதல் 1537 வரையுள்ள காலத்தில், தம் தலைவர்களின் முடிவுக்கிணங்கக் கூட்டமாகத் திருமுழுக்குப் பெற்றிருந்தனர். முத்துக்குளிப்பில் ஏற்பட்ட போட்டியும், போர்த்துக்கேயரின் பாதுகாப்பை நாடியமையும் அதற்குக் காரணங்களாம். அது குலத்தின் ஒருமனப்பாடு. பாரிஸ் நண்பர்களதோ தனித்தனியே ஆராய்ந்து எய்திய ஒருமனப்பாடு. ஒன்று புறத்தே நின்ற ஆபத்தினால் எழுந்தது. மற்றொன்று அகத்தே எழுந்த தேடலின் விளைவு. எனினும் முன்னதனை இழித்துரைத்தல் தகாது. பரதவர் கிறிஸ்தவம் நூற்றாண்டுகள் கடந்தும் நிலைத்தமைக்கு அக்குல ஒற்றுமையே பெருங் காரணமாயிற்று.

சவேரியார் தமிழும் போர்த்துக்கேயமும் அறிந்தோர் துணைகொண்டு செபங்களைத் தமிழிலாக்கி, ஊர்தோறும் சென்று கற்பித்தார். 1544ஆம் ஆண்டு வடுகர் படையெடுப்புக்கு அஞ்சிக் குமரிமுனை அருகே பாறைத் தீவுகளில் ஒதுங்கிய மக்களுக்கு உணவு கொண்டு இருபது தோணிகளில் மணப்பாட்டிலிருந்து புறப்பட்டார். எதிர்க்காற்றினாற் கடல்வழி செல்ல இயலாதபோது கரைவழியே நடந்தார். அவ்வாண்டிலேயே மன்னாரில் புதிதாகத் திருமுழுக்குப் பெற்றோர் யாழ்ப்பாண மன்னன் சங்கிலியின் ஆணையாற் கொல்லப்பட்டனர். அவர்கள் அறுநூற்றுக்கு மேற்பட்டோர் என்பது மரபு. அவர்களும் ஊராக ஒருமனப்பட்டே சமயம் மாறியவர்கள். ஒருமனப்பாடு பாதுகாப்பாவது போன்று கூட்டு மரணத்துக்கும் இட்டுச்செல்லக்கூடும் என்பதை மன்னார் நிகழ்ச்சி நினைவூட்டுகின்றது.

1547ஆம் ஆண்டு முத்துக்குளித்துறைக்கு வந்த அன்றிக்கு அடிகளார் இம்மரபினை மொழித்துறைக்கும் விரித்தார். அவரும் அவர் தோழரும் தமக்குள்ளும் தமிழிலேயே பேசுவதெனத் தீர்மானித்து, தவறுவோருக்குத் தண்டனையும் விதித்துக்கொண்டனர் என்பது அவர் கடிதத்தால் அறியப்படுகின்றது. 1578ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம் 20ஆம் நாள் கொல்லத்தில் அச்சாகிய தம்பிரான் வணக்கம் இம்முயற்சியின் பயனாகும். அந்நூலின் முகப்பில் யேசு சபை என்பதற்குத் தமிழ்ச்சொல் இல்லை. கொம்பஞ்ஞிய என்ற போர்த்துக்கேயச் சொல்லே தமிழெழுத்தில் அச்சிடப்பட்டது. அப்பத்தைப் பகிர்ந்துண்போர் கூட்டம் என்பது அச்சொல்லின் இலத்தீன் மூலப்பொருள். பாரிஸ் அறைகளிலே கூடியுண்ட நண்பர்களின் நினைவு, அவர்கள் அறியாத ஒரு மொழியின் முதல் அச்சு நூலொன்றிலே இங்ஙனம் இடம்பெற்றது.

நட்புக்கும் கீழ்ப்படிதலுக்கும் இடையே எழுந்த முரண்

இவ்வரலாற்றை இனிய நட்பின் வரலாறாக மட்டும் எழுதுதல் உண்மைக்கு மாறாகும். சவேரியாரோடு இந்தியா வந்த மன்சில்யாஸ் என்பவருக்கு 1544ஆம் ஆண்டளவில் இக்கரையிலிருந்து அவர் எழுதிய கடிதங்கள் இருபதுக்கு மேற்பட்டவை கிடைக்கின்றன. மக்களிடம் பொறுமையோடு நடக்குமாறு ஒரு தமையன் தம்பிக்குக் கூறுவதுபோல் அவற்றில் அறிவுரை கூறுகின்றார். ஆயினும், மொலுக்கஸ் தீவுகளுக்குச் செல்லுமாறு இட்ட கட்டளையை மன்சில்யாஸ் ஏற்காதபோது, 1548ஆம் ஆண்டு அவரைச் சபையிலிருந்து நீக்கியவரும் சவேரியாரே. 1539இல் கீழ்ப்படிதலை விரும்பி ஏற்ற நண்பர், பின்னர் அதன்பொருட்டே ஒரு தோழரை இழந்தார்.

போர்த்துக்கல்லிற் பணியாற்றிய ரொட்ரீகசின் ஆட்சி பற்றிக் குறைகள் எழுந்தபோது, இஞ்ஞாசியார் 1552ஆம் ஆண்டு அவரைப் பதவியிலிருந்து விலக்கினார். பின்னர் உரோமையில் விசாரணையும் நிகழ்ந்து அவருக்கு எதிராகவே முடிந்தது. பல ஆண்டுகள் தாய்நாட்டுக்கு வெளியே வாழ்ந்த அவர் 1573ஆம் ஆண்டிலேயே திரும்பினார். ஆனால், முதல் நண்பர்களின் வரலாற்றை, மொன்மார்த் நாளின் மகிழ்ச்சியை, முதுமையில் அன்போடு எழுதிவைத்தவர் தண்டிக்கப்பட்ட அந்த ரொட்ரீகசே. இஞ்ஞாசியார் 1556ஆம் ஆண்டு யூலை மாதம் 31ஆம் நாள் இறந்த பின்னர், ஆட்சியுரிமை எஞ்சிய முதல் தோழர் யாவர்க்கும் உரியதெனப் பொபடில்லா வாதாடினார். பெருங் கலகமாகத் தோன்றிய அது 1558ஆம் ஆண்டு லைனெஸ் தலைவராகத் தெரிவானதோடு அடங்கிற்று. பொபடில்லா சபையிலேயே வாழ்ந்து, முதல் பதின்மருள் இறுதியானவராக 1590ஆம் ஆண்டு இறந்தார்.

பொபடில்லாவின் வாதத்தைப் பிடிவாதம் என ஒதுக்குவோர் உளர். ஆனால், அவர் நினைவூட்டியது யாது? இச்சபை தொடக்கத்தில் ஒருவருடையதன்று, பதின்மருடையது என்பதையே. நிறுவனம் தலைவரை நோக்கும். நட்போ வட்டமாக அமரும். இவ்விரண்டுக்குமிடையே எழுந்த முரண் முற்றாகத் தீர்ந்ததெனக் கூறவியலாது.

முடிவுரை

மேற்கூறியவற்றால் சில முடிவுகளைப் பெறலாம். ஆன்மிக நட்பு ஒரு தலைவர்பாற் கொண்ட பற்றில் மட்டும் நிலைபெறாது என்பதை 1528ஆம் ஆண்டின் சிதைவும், அவர் இல்லாதபோதும் அது வளரக்கூடும் என்பதை 1535ஆம் ஆண்டின் அனுபவமும் காட்டின. ஒருமனப்பாடு என்பது வேறுபாடு இன்மையன்று. வேறுபாட்டை அஞ்சாது கேட்கும் ஒழுங்கு என்பதை 1539ஆம் ஆண்டின் கூட்டங்கள் புலப்படுத்தின. அவ்வொழுங்கு தளர்ந்த இடங்களில் கீழ்ப்படிதல் முன்வந்தது, நட்பு காயமுற்றது, ஆயினும் பெரும்பாலும் அறுந்துவிடவில்லை.

இஞ்ஞாசியாரும் சவேரியாரும் 1622ஆம் ஆண்டு ஒரே நாளிற் புனிதராக அறிவிக்கப்பட்டனர். அவ்விருவரையும் அவ்வறையில் முதலிற் பிணைத்த பேபரோ 2013ஆம் ஆண்டிலேயே அந்நிலை பெற்றார். பெரியோரைப் போற்றும் வரலாறு, அவர்களை இணைத்தோரை அறிந்துகொள்ள ஏறக்குறைய நானூறு ஆண்டுகள் பிந்திற்று. சமூகமாக வாழ்வதும், சமூகமாகவே பிளவுறுவதும் நம் நாட்டில் நாம் கண்டறிந்தவை. குலத்தாலும் மொழியாலும் பகையாலும் வேறுபட்டோர் ஓரறையிலிருந்து, எதிர்ப்பக்கத்து நியாயத்தைத் தம் வாயாலேயே எடுத்துரைத்து ஒருமனப்பட்ட அந்நிகழ்ச்சி, கிறிஸ்தவர்க்கு மட்டுமன்றி ஏனையோர்க்கும் எண்ணிப்பார்க்கத் தக்கதாகும்.